மேற்படி

லெஹ்தோவாரா போகும் சாலை
ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைகிறது.
பாறை இல்லை, ஏரி இல்லை.
பதினாறு குளிர்காலமாய் அந்த வளைவில்
பனி தள்ளும் தகட்டைத் தூக்கித் திருப்புகிறேன்,
முகம் தெரியாத யாரையோ
ஒவ்வொரு முறையும் திட்டியபடி.
இந்த ஜனவரியில் முதுகுவலி, விடுப்பு.
திட்டு யாருக்குப் போகிறதென்று
பார்த்துவிடலாம் என மடிக்கணினியைத் திறந்தேன்.

பின்லாந்தின் ஆவணக் காப்பகம் மொத்தமும்
என் சமையலறை மேசைக்கு வந்து உட்கார்ந்தது.
கட்டணம் இல்லை. காவலாளி இல்லை.
பூட்டு மட்டும் உண்டு:
அந்நாளைய செய்தித்தாளில்
எங்கள் ஊர்ப்பெயரின் நடு எழுத்துக்கு இரட்டைக் கொம்பு.
இன்றைய எழுத்தில் தேடினால்
அப்படியோர் ஊர் இருந்ததே இல்லை.
இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவு.

வளைவு கிடைத்தது.
ஃபோர்ஸ்மன் என்ற நிலக்காரர்
தன் வைக்கோல் கொட்டகையை இடிக்கக் கூடாதென்று
ஆளுநர் அலுவலகத்துக்கு எழுதிய கடிதம்.
அவ்வளவுதான்.
கொட்டகை போய்விட்டது, ஃபோர்ஸ்மனும் போய்விட்டார்,
ஸ்டீயரிங்கைத் திருப்புவது நான்.

மூடியிருப்பேன்.
கடிதத்தின் ஓரத்தில், வேறொரு கையெழுத்தில்:
'ஆட்கள் குறைந்துவிட்டதால்
மிச்ச வேலை வசந்தத்தில்.'
ஆண்டு 1868.
குறைந்துவிட்டதால் என்றால்?
எங்கே போய்விட்டார்கள்?

பள்ளிப் புத்தகத்தில் படித்தது நினைவிருக்கிறது.
பெரும் பஞ்சம், பன்னிரண்டில் ஒருவர்.
தேர்வில் இரண்டு மதிப்பெண்.
தேசத்தின் கணக்கு அது. எங்கள் ஊரின் கணக்கு
தேவாலயப் புதைப்பேட்டில் இருக்கும்.
'பசி' என்று தேடினேன்.
முடிவுகள் இல்லை.
பாதிரியார் எழுதியது சுவீடிய மொழியில்;
அகராதி பார்த்து அவர் சொல்லைத் தட்டினேன்.
ஒரே ஒரு முடிவு.

ஒருவர்தானா?
வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல,
ஒரு கணம் ஊரைப் பற்றிப் பெருமைப்பட்டேன்.
பரவாயில்லை, நாங்கள் தப்பித்திருக்கிறோம்.

பிறகு படத்தைத் திறந்தேன்.
முதல் வரியில் அந்தச் சொல்,
மை அழுந்த, முழுதாக.
அதன் கீழே இரண்டு சிறு கோடு.
அதன் கீழே இரண்டு சிறு கோடு.
மேற்படி.
மேற்படி.
பக்கம் முடியும் வரை,
அடுத்த பக்கத்தின் பாதி வரை,
புதுப்பனியில் ஒரு குருவி
நேராக நடந்து போனது மாதிரி.

கையெழுத்தைப் படிக்கும் இயந்திரம்
அந்தக் கோடுகளை எண்ணாக எடுத்துக்கொண்டிருந்தது.
மாத்தியாஸ், பண்ணையாள், சாலை வேலை.
இறந்த காரணம்: 11.
அவன் மகள் உல்ரிக்கா, இரண்டு வயது. 11.
பெயர் தெரியாத பெண், வடக்கிலிருந்து நடந்து வந்தவள்,
கையில் மரப்பட்டை ரொட்டி. 11.

பாதிரியாரைக் குறை சொல்ல முடியாது.
அந்த மார்ச் மாதம் ஒரே நாளில் ஒன்பது பேர்.
ஒன்பது முறை அந்தச் சொல்லை எழுத
எந்தக் கை ஒத்துழைக்கும்?
இயந்திரத்தையும் குறை சொல்ல முடியாது.
அதற்கு மேலே பார்க்கச் சொல்லி
யாரும் கற்றுத்தரவில்லை.

திரையின் மூலையில் ஒரு பொத்தான்,
'திருத்தம் பரிந்துரை'.
அழுத்தினேன். பதினொன்றை அழித்தேன்.
அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகத் தட்டினேன்.
முதல் இரவு நாற்பது.
முதுகு வலித்தது, எழுந்து நின்று தட்டினேன்.
டெப்போவிலிருந்து இல்மாரி அழைத்தான்,
பனி குவிகிறது, எப்போது வருவாய் என்று.
இன்னும் நூற்று மூன்று பாக்கி என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

இப்போது அங்கே தேடினால்
நூற்று நாற்பத்து நான்கு முடிவுகள் வரும்.
வேறொன்றும் மாறவில்லை.

வேலைக்குத் திரும்பிவிட்டேன்.
வளைவில் ஃபோர்ஸ்மனைப்
பெயர் சொல்லியே திட்டுகிறேன், நிம்மதியாக இருக்கிறது.
அதைத் தாண்டியதும்
சாலை அம்பு மாதிரி நேராக ஓடும்,
நான்கு கிலோமீட்டர், கையை விட்டே ஓட்டலாம்.
அங்கேதான்
வேகம் குறைகிறது.