குடும்பப்பெயர் கட்டாயம்

ஆரம்பாக்கம் பிரவுசிங் சென்டரில்
ஒரு மணிக்கு நாற்பது ரூபாய்.
கண்ணாடிக் கதவுக்கு வெளியே
தடாவை நோக்கிப் போகும் லாரிகள்
ஒவ்வொன்றும் மேசையை
ஒருமுறை உலுக்கிவிட்டுப் போகின்றன.

முதல் கட்டத்திலேயே சிக்கல்.
குடும்பப்பெயர் கட்டாயம் என்கிறது சிவப்பு எழுத்து.
மு. அஞ்சுகம் என்றே முப்பது வருடம் ஓட்டியாயிற்று.
ஒற்றை மூனாவை அது ஏற்பதாயில்லை.
அப்பாவை முழுசாக இறக்கிவைத்தேன்.
அஞ்சுகம் முனிரத்தினம்.
யாரோ நல்ல சம்பளக்காரி பெயர்போல இருந்தது.

பதவி, குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர்.
இடம், ஜூபா.
வரைபடத்தில் தேடினால் ஒரு நதி தெரிந்தது.
நதி இருந்தால் செங்கல் சூளை இருக்கும்.
சூளை இருந்தால் எனக்கு வேலை இருக்கும்.
கடைக்காரப் பையன் கரீமுல்லா எட்டிப் பார்த்து
"துபாய் பக்கமாக்கா?" என்றான்.

இப்போதைய ஊதியம், டாலரில்.
ஒப்பந்தச் சம்பளம் பதினைந்தாயிரத்தை மாற்றிப் போட்டேன்.
மாதத்துக்கா, வாரத்துக்கா
என்று கேட்டது அது, மரியாதையாக.

தெரிந்த மொழிகள்.
தமிழ் சரளம்.
தெலுங்கு, சண்டை போடுமளவுக்கு; எழுத வராது.
ஆங்கிலம், அறிக்கை எழுதுமளவுக்கு; சண்டை போட வராது.
ஒடியாவில் நான்கே வாக்கியம்.
உன் பேர் என்ன.
சாப்பிட்டாயா.
அழாதே.
நான்காவது, அம்மா எங்கே.
அதைக் கேட்ட மூன்று முறையும்
பதிலுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

எல்லை கடந்து பணியாற்றிய அனுபவம்,
இருநூறு சொற்களுக்குள்.

சூலூர்பேட்டை ரயிலில்
கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தான்.
ஏழு வயது இருக்கலாம். கையில் ஒற்றைச் செருப்பு.
முறுக்கு விற்கும் நாகபூஷணம் பார்த்தது ஆரம்பாக்கத்தில்.
சத்தம் போட்டது வண்டி கிளம்பிய பிறகு.
இறக்கியது தடாவில்.
உங்க ஊர்ப் பிள்ளைதானே என்றார் அந்த மாநிலத்துக் காவலர்.
கிடைத்த இடம்தானே கணக்கு என்றார்
இந்த மாநிலத்து அதிகாரி, போனில், சாப்பிட்டுக்கொண்டே.
நடைமேடை பெஞ்சில் நாங்கள் இருவரும்
நாலரை மணி நேரம்.
இட்லியைத் தொடவில்லை, சட்னியை மட்டும் நக்கினான்.
கடைசியில் கோப்பு ஒரு பக்கம் போயிற்று,
பையன் ஒரு பக்கம் போனான்.

இருநூற்றுப் பதினொன்று என்று காட்டியது.
பதினோரு சொல் அதிகம்.
செருப்பை வெட்டினேன்.
சட்னியை வெட்டினேன்.
நாகபூஷணத்தைக் கூடையோடு வெட்டினேன்.
மாநிலங்களுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு
என்று ஒன்றைச் சேர்த்தேன்.
நன்றாகத்தான் வந்திருந்தது.
அவன் மட்டும் அதில் இல்லை.

உலகின் எந்தப் பகுதிக்கும் செல்லத் தயாரா?
தயார் என்ற வட்டத்தைத் தொட்டேன்.
அலைபேசி அதிர்ந்தது.
அரிசி ஆலைக் காவலாளி சுப்பராமையா.
அம்மா, மில்லுக்குப் பின்னால ரெண்டு பசங்க,
ராத்திரி லாரியில வந்தவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க.

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
பழக்கம், முதலில் வாயில் வருவது அதுதான்.

மதிலுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடும்மா,
அந்தப் பக்கம் ஆந்திரா,
பசங்க மதில்மேல உக்காந்திருக்காங்க.

பதினைந்து நிமிடம் அசைவில்லை என்றால்
படிவம் மூடிக்கொள்ளுமாம்.
கரீமுல்லா, அப்பப்போ மவுஸை அசைச்சிட்டே இரு,
எதையும் அழுத்திடாதே என்றேன்.
நாற்பதுக்கு மேலே போனால் என்றான்.
போகட்டும் என்றேன்.

எதிர்க்கடையில் பிஸ்கட் இரண்டு பொட்டலம்.
ஸ்கூட்டி மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.
இறங்கி வா என்பதற்கு
ஒடியாவில் என்ன சொல்வார்கள்?
லாரிகளுக்கு நடுவே
யாரைக் கேட்பது இந்நேரத்தில்.