ஒரு நெல் நீளம்

பாசனப் பிரிவு அலுவலகத்தில் எனக்குப் பக்கக் கூலி.
கொழிஞ்சாம்பாறையின் பழைய வெயிலைப்
பக்கத்துக்கு நாலு ரூபாய் வீதம்
கணினியில் ஏற்றுகிறேன்.

கோடை முடிகிற மாதம் மட்டும் போதும் என்றார்கள்.
மே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை,
இருபத்தாறு வருடம்.
உச்சம், தாழ்வு, காற்று, மேகம், மழை.
மழைக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு.

கையொப்பங்கள் மலையாளம்.
குறிப்பு என்ற கடைசிக் கட்டம் மட்டும் தமிழ்:
'தெர்மாமீட்டர் பெட்டியில் குளவி.'
'கணவாய்க் காற்று நின்றுவிட்டது.'
'வேலந்தாவளம் பஸ் வரவில்லை. ஆகையால் பதிவு தாமதம்.'
பூஜ்யங்கள் எந்த மொழி என்று தெரியவில்லை.
எழுதியவர் கிட்டுச்சாமி, நோக்கர், கிரேடு இரண்டு.

பகலை அளக்க அவரிடம் ஒரு கண்ணாடி உருண்டை இருந்தது.
திண்டின் மேல் வைத்தால்
வெயில் அதனுள் நுழைந்து கூராகி
பின்னாலிருக்கும் நீல அட்டையைப் பொசுக்கும்.
சூரியன் நகர நகரப் பொசுங்கல் நகரும்.
மேகம் வந்தால் அட்டை பிழைக்கும்.
மாலையில் கருகிய கோட்டை அளந்து
'வெயில் பத்தே முக்கால் மணி' என்று எழுதிவிட்டு
அட்டையைப் பக்கத்தோடு சேர்த்துக் குத்தி வைப்பார்.

மே பதினான்கு, எண்பத்து மூன்று.
உச்சம் 41.8.
முன்னும் பின்னும் அந்த எண் வேறெங்கும் இல்லை.
மேகம் பூஜ்யம்.
ஆனால் அட்டையில் உச்சிப்பொழுதுக் கோட்டருகே
ஒரு நெல் நீளத்துக்குக் கருகவில்லை.
இருபது, இருபத்தைந்து நிமிடம் இருக்கும்.
குறிப்பில்:
'மேகமல்ல. ஆள்.'

"அது கருவிப் பிழையாக்கும், முழுசாப் போட்டுக்கோ"
என்றார் விலாசினி மேடம், தலை நிமிராமல்.
மேகக் கட்டம் பூஜ்யம் முதல் எட்டு வரைதான் வாங்கும்.
ஆள் என்று தட்டிப் பார்த்தேன்.
சிவப்பாகித் திருப்பி அனுப்பியது.

அடுத்த வருடத்தைப் புரட்டினேன், சும்மாதான்.
எண்பத்து நான்கு, மே பதினான்கு: ஒரு நெல் நீளம்.
எண்பத்தைந்து: ஒரு நெல் நீளம்.
எண்பத்தாறில் நிஜமாகவே மேகம்,
அட்டையெங்கும் விட்டுவிட்டுப் புள்ளிகள்,
தேடியும் பிரித்தறிய முடியவில்லை.
எண்பத்தேழு: நீலம்.
அவர் ஓய்வு பெற்ற தொண்ணூற்றொன்று வரைக்கும் நீலம்.
குறிப்பில் ஒரு வார்த்தை கிடையாது.
பதினைந்தாம் தேதி கோடு மறுபடி முழுசு.

வாட்ச்மேன் பொன்னுக்குட்டனுக்குத் தெரிந்தது இவ்வளவு:
"அந்த வருசம் வாய்க்கால்ல தூர் எடுத்தாங்க.
மத்தியானம் ஒரு பொம்பளையத் தூக்கிட்டு வந்து
இந்தக் கம்பி வேலிக்குள்ள கிடத்தினாங்க.
புல்லு இங்கதான இருந்துச்சு.
பேரு தெரியாதுங்க. பொழச்சுதான்னும் தெரியாது.
நான் சின்னப் பையன், எட்டிப் பாத்துட்டு ஓடிட்டேன்."

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வெளியே வந்தேன்.
திண்டு இருக்கிறது. உருண்டை இல்லை,
எவர் வீட்டு அலமாரியிலோ.
என் நிழலைப் பார்த்தேன்.
மே மாதத்தில் இந்த ஊர் உச்சிச் சூரியன்
கொஞ்சம் வடக்கே தள்ளி நிற்கிறது.
நிழல் தெற்கே, ஒரு சாண்தான்,
பக்கத்தில் நின்றால் திண்டின் மேல் ஏறாது.
உருண்டையை மறைக்க வேண்டுமானால்
அதன் மேல் கவிழ்ந்து நிற்க வேண்டும்,
முதுகை அப்படியே வானத்துக்குக் கொடுத்து,
ஒரு நெல் நீளம்.

நான்கு நிமிடம் நின்றேன்.

உள்ளே வந்தேன்.
பத்தே முக்கால் போடவில்லை.
10.3 என்று அடித்தேன், எட்டு வருடத்துக்கும்.
கணினி வாங்கிக்கொண்டது, எண்தானே.
முதுகு மட்டும்
கடைசி பஸ் வரும்வரை சுட்டுக்கொண்டிருந்தது.