ஏழு டெசிபல்

சனவரி. ஔலு நகரில் கடல் உறைந்துவிட்டது.
மருத்துவமனையின் நான்காம் மாடியில்
மீட்டருக்கொரு நீல நாடா ஒட்டியபடி
இரவெல்லாம் தள்ளுவண்டியோடு நடக்கிறேன்.
வண்டியில் கட்டிய சின்ன வில்லை
நொடிக்கொருமுறை தன் பெயரைக் கத்துகிறது.
மனிதக் காதுக்கு ஒன்றும் கேட்காது.
கூரையில் பதித்த வெள்ளைப் பெட்டிகள் ஐந்தும்
தங்களுக்கு எவ்வளவு கேட்டதென்று சொல்கின்றன:
மைனஸ் நாற்பத்தொன்று.
மைனஸ் அறுபத்தேழு.
மைனஸ் எண்பத்தெட்டு, அது லிஃப்டுக்கு அப்பாலிருக்கும் பெட்டி,
பாதித் தூக்கத்தில் பதில் சொல்வதுபோல.

எதுவும் சுழியைத் தொடுவதில்லை.
எவ்வளவு நெருங்கி நின்றாலும்
கொஞ்சம் கடன் பாக்கி இருக்கிறது.

ஒவ்வொரு நாடாவிலும் மூச்சை அடக்கிக்கொள்வேன்.
தேவையில்லைதான். பழக்கம்.
இப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்களின்
கைரேகை எடுத்தாயிற்று.
இனி எந்தக் கருவி எங்கிருந்து கத்தினாலும்
ரேகையைப் பொருத்திப் பார்த்து
வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கலாம்.

வைத்தோம்.
நூற்றுப் பதினான்காம் எண் மருந்துப் பம்ப்
மூன்று வாரமாகக் காணோம்.
புள்ளி மட்டும் இருக்கிறது.
காலையில் துணி அறைச் சுவருக்குள்.
மதியம் இரண்டு மணிக்குமேல் கிளம்பி
படிக்கட்டுப் பக்கம் போகிறது.
ஐந்தரைக்குத் திரும்பி வந்துவிடுகிறது,
வேலைக்குப் போய் வருவதுபோல.

"பம்ப்பா நடக்கிறது? உன் புள்ளிதான் நடக்கிறது, ஹில்யா,"
என்றாள் தலைமைச் செவிலி டைமி.
துணி அறையை அவள் மூன்று தடவை கொட்டிக் கவிழ்த்திருந்தாள்.
படிக்கட்டில் டார்ச் அடித்துத் தேடியிருந்தாள்.
எனக்குக் கோபம் வந்தது.
கோபம் வந்ததே அவள் சொன்னது சரியென்பதால்.

நான் அளந்தது ஆளில்லாத இரவை.
பகலில் இந்த நடைபாதை வேறு.
மனிதர் என்றால் பாதிக்கு மேல் தண்ணீர்;
இந்த அலைக்குத் தண்ணீர் என்றால் ஆகாது,
குடித்துவிட்டுத் திருப்பித் தராது.
பார்வை நேரத்தில் பத்துப் பேர் நுழைந்தால்
பத்து ஏரிகள் குறுக்கே நிற்கின்றன.

ஆனால் பத்துப் பேர் பத்துவிதமாய் நிற்பார்கள்.
புள்ளியோ தினமும் ஒரே பக்கம்தான் போனது.

ஆகவே செவ்வாயன்று நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
இரண்டு ஐந்துக்கு ஐமோ வந்தார்,
பன்னிரண்டாம் அறையில் படுத்திருக்கும் ஸுலோவின் தம்பி.
பனியில் துளையிட்டு மீன்பிடித்துவிட்டு
நேராக வருகிறவர்.
முழங்கால்வரை நீண்ட கம்பளிக் கோட்டு,
உருகிச் சொட்டும் பனி, மீன்வாடை.
அறைக்குள் போய்க் கழற்றி
மூலையில் நின்ற ஒரு கம்பத்தில் மாட்டினார்.

என் கையிலிருந்த திரையில்
சிவப்புப் புள்ளி படிக்கட்டை நோக்கிப் புறப்பட்டது.

கோட்டைத் தூக்கிப் பார்த்தேன்.
நூற்றுப் பதினான்கு.
துணி அறைக்கு அடுத்த சுவர், அவ்வளவுதான் தூரம்.
"இது ஏதோ மிஷினா?" என்றார்.
"மூணு வாரமா நல்லா தாங்குச்சே."
கட்டிலில் ஸுலோ சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார்.

பிழைப் பதிவேட்டில் எழுதினேன்:
காரணம், கோட்டு. ஈரமானது. ஏழு டெசிபல்.
மேலதிகாரி கேட்டார்,
காய்ந்தால் எவ்வளவு?
தெரியவில்லை. அது காய்ந்து நான் பார்த்ததில்லை.

பம்ப்பை எடுத்துப்போய்விட்டார்கள்.
சுவரில் ஒரு கொக்கி வேண்டுமென்று
பராமரிப்புப் பிரிவுக்கு எழுதியிருக்கிறேன்.
பதில் இல்லை.

புதனன்று பகல் நேரக் கைரேகை எடுக்க
அதே நடைபாதையில் நின்றேன்.
ஐமோ வந்தார். காலி மூலையைப் பார்த்தார்.
கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு
தரையில் சொட்டச் சொட்ட நின்றார்.
பிறகு என்னைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார்.
நான் தலையசைத்தேன்.

பன்னிரண்டாம் அறைக்கு வெளியே
நாடாவின்மேல் அசையாமல் நிற்கிறேன், மூச்சை அடக்கி.
திரையில் நான்
மெல்லப் படிக்கட்டுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன்.