இடது காறை எலும்பு

சமோவா வர இன்னும் பத்தொன்பது நாள்.
சயான் பாலத்தடியில், பாவ் பாஜிக் கடை மேசையில்
ஈரத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு
வீரர் பட்டியலை விரிக்கிறான் ஹேமந்த் கோளி.
முன்வரிசையில் ஆளுக்கு நூற்று இருபது கிலோ.
"இவங்க விளையாட வர்றாங்களா,
கட்டடம் இடிக்கவா?" என்கிறான் பால்துரை.

மூன்று ஆட்டம். மூன்றும் மழையில்தான் நடக்கும்.
சர்ச்கேட் பக்கத்து மைதானம்
இப்போதே கேழ்வரகுக் கூழ்.
நல்லது, என்கிறோம். சேற்றில் கனம் வழுக்கும்.
சேறு நமக்குச் சொந்தக்காரன்.

பெரிய கூட்டமில்லை எங்களுடையது. பதினோரு பேர்.
அதில் இரண்டு பேருக்கு இன்னும் விதி புரியாது.
அவர்கள்தாம் அதிகம் கத்துவார்கள்.

ஆள் முன்னால் ஓடணும், பந்தைப் பின்னால்தான் கொடுக்கணும் என்று
எங்கள் தலைமை நர்ஸுக்கு ஒருநாள் விளக்கினேன்.
"அப்போ எதுக்குப் பந்து?" என்று கேட்டார்.
இன்றுவரை பதில் தேடுகிறேன்.

தாதரில் எட்டே கால் வண்டி ஏறுகிறவர்கள்
இதுதானே உங்கள் ரக்பி என்று சிரிப்பார்கள்.
இல்லை.
வண்டியில் ஒவ்வொரு முழங்கையும் தனக்காக.
ஸ்க்ரம்மில் எட்டுப் பேருக்கு ஒரே முதுகு.
முன்னால் நிற்பவனின் காது பலாக்கொட்டையாய் நசுங்கினாலும்
பின்னால் இருப்பவன் தள்ளுவதை நிறுத்தமாட்டான்.
நசுங்கியவனும் நிறுத்தச் சொல்லமாட்டான்.

"நம்ம ஒன்பதாம் நம்பர் இருக்கான்ல," பால்துரை
பாவைப் பிய்த்து மேசையில் ஆட்டத்தை வரைகிறான்,
"சுக்ராம் முர்மு. இத்தனூண்டு ஆள்.
அவனுங்க குனியறதுக்குள்ள
கால் நடுவுல பூந்து வந்துருவான்."
பிய்த்த பாவ் துண்டு
இரண்டு எலுமிச்சைத் தோலுக்கிடையே பாய்ந்து
வெங்காயக் குவியலில் விழுகிறது. ட்ரை.
பத்துப் பேர் கைதட்டுகிறார்கள்.

செவ்வாய் இரவு, மூன்றாம் எக்ஸ்ரே அறை.
ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு
படிவத்தில் பெயரைப் படித்தேன். நிமிர்ந்தேன்.
நனைந்த ஜெர்ஸி, அறுத்த தோள்பட்டை,
முனகல்கூட இல்லை.
அசையாதே, என்றேன்.
மலைபோல இருந்தான், என் தோளுயரம்கூட இல்லாதவன்.

திரையில் வந்தது இடது காறை எலும்பு.
அதன் நடுவே ஒரு கோடு,
தலைமுடி விழுந்த மாதிரி.
விரலால் தட்டிப் பார்த்தேன். முடி இல்லை.

"எத்தனை நாள் ஆகும்?"
டாக்டர் சொல்வார்.
எங்களுக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம் அது ஒன்றுதான்.
ஆறு வாரம் என்பது நாக்கடியில் கிடந்தது.
அவன் திரையையே பார்த்தான், நெடுநேரம்.
"நான் அசைஞ்சிட்டேன் தீதி. இன்னொண்ணு எடுங்க."
அசையவில்லை. எனக்குத் தெரியும்,
அவனுக்கும்.
படம் தெளிவா இருக்கு தம்பி, என்றேன்.
பதினேழு வருஷ வேலையில்
அந்தச் சொல் அன்றைக்குத்தான் கசந்தது.

"என்ன எஸ்தரக்கா, வாயே திறக்கல?
எத்தனை பாயிண்ட்ல ஜெயிப்போம்?"
பாஜி ஆறிப் படலம் கட்டியிருக்கிறது.
"மாத்து ஒன்பது யாரு?" என்கிறேன்.

அவ்வளவுதான். கேள்விதான் கேட்டேன்.
எதையும் சொல்லவில்லை.
ஆனால் நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று
இந்த மேசைக்குத் தெரியும்.
பாலத்துக்கு மேலே ஒரு லாரி போய் முடிகிறது.
பால்துரை வெங்காயத்திலிருந்து அந்தத் துண்டை எடுக்கிறான்,
தின்னவும் இல்லை, எறியவும் இல்லை.

ஹேமந்த் தாளைத் திருப்புகிறான்.
அடியில், எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில்,
இருபத்தொன்று: லால்ரின்சங்கா. வயது பத்தொன்பது.
யாரும் பார்த்ததில்லை. எந்த ஊர் என்றும் தெரியவில்லை.
"லால்ரி..."
"லால்சிங்கா?"
"ரின். ரின். சோப்பு மாதிரி."
விதி தெரியாத இருவரும் எழுந்து நிற்கிறார்கள்.
மழைக்கு மேலே கேட்கும்படி
பெயரை உடைத்து உடைத்துக் கத்துகிறார்கள், தப்பாக.
கடைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திருத்துகிறார், அதுவும் தப்பு.

இருக்கட்டும்.
பத்தொன்பது நாள் இருக்கிறது,
வாய்க்கு வந்துவிடும்.