மூன்று மணிகள்

பாயான் லெப்பாஸில் எனக்கு இரவு ஷிப்ட்.
நகக்கண் அளவு சில்லில்
மயிரிழை விரிசலையும் விடமாட்டேன்.
நான்கு நொடிக்கு ஒன்று.
மைக்ராஸ்கோப்பில் என் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

ருவேந்திரன் வாசிக்கும்போது
மூன்றாம் வரியிலிருந்து ஐந்துக்குத் தாவுவான்.
விட்டுப்போன வரியில்தான்
பூனை கிணற்றில் விழுந்திருக்கும்.
"பூனை எங்கடா?" என்பேன்.
"எந்தப் பூனை?"
காதைத் திருகியிருக்கிறேன்.
ஒருமுறை அல்ல.
புத்தகத்தை எடுத்ததும் தலை வலிக்கிறது என்பான்;
சாக்கு என்று நினைத்தேன்.

இரண்டாம் ஆண்டு அறிக்கையில்
கவனம் போதாது என்று எழுதி வந்தது.
பள்ளிக்கு வந்த தாதி சுவரில் அட்டை மாட்டிக்
கடைசி வரிவரை கேட்டாள்.
எல்லாம் சொன்னான்.
பெர்ரியில் நின்றபடி
பட்டர்வொர்த் கரையில் எத்தனை கிரேன் என்று
எண்ணிச் சொல்கிற பிள்ளை.
கண்ணில் என்ன இருந்துவிடப் போகிறது?

பர்மா ரோட்டுக் கண்ணாடிக் கடையில்
அந்தச் சீனப்பெண் அட்டையைத் தொடவே இல்லை.
ஒரு பேனாவை
அவன் மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தாள்.
ஒரு சாண் இருக்கும்போது
இடது கண் பேனாவைக் கைவிட்டு
சன்னல் பக்கம் போய்விட்டது,
கூப்பிட்டது காதில் விழாததுபோல.

எத்தனை தெரிகிறது என்று மலாயில் கேட்டாள்.
"டுவா" என்றான், இரண்டு விரல் காட்டி.
"புத்தகத்திலுமாடா?" என்றேன் நான்.
"ஆமாம்மா. கொம்பு ஒரு பக்கம் நிக்கும்,
எழுத்து ஒரு பக்கம்.
புள்ளியெல்லாம் மேல் வரிக்கு ஓடிரும்."
எல்லோருக்கும் அப்படித்தான் என்று
இருந்திருக்கிறான்
எட்டு வயதுவரை.

இப்போது எங்கள் பிளாட்டின் சன்னல் கம்பியில்
ஒரு கயிறு கட்டியிருக்கிறது.
சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று மணி.
மறுமுனை அவன் மூக்கு நுனியில்.
தூர மணி, நடு மணி, பக்கத்து மணி.
பக்கத்து மணிக்கு வரும்போது
கண்ணில் நீர் கட்டுகிறது.
மைலோ ஆறுகிறது.
பத்து நிமிடம் என்றால் ஏழில் ஓடிவிடுவான்.

நேற்று நான் வேலைக்குக் கிளம்புமுன்
வரிக்கடியில் விரல் வைத்து வாசித்தான்.
(விரல் வைக்காதே என்று அடம்பிடித்தவளும் நான்தான்.)
நான்காம் வரியைத் தாண்டினான்.
நான் வாய் திறக்கவில்லை.
நின்றான்.
விரல் மேலே போய்த் தடவியது.
"ம்மா, இங்க ஒரு பூனை கெடக்கு."

நடுச்சாமத்தில்
லென்ஸிலிருந்து தலையைத் தூக்கினேன்.
சுவர்க்கடிகாரம் இரண்டாகத் தெரிந்து
மெல்ல ஒன்றானது.