நரிக்கா, மானுக்கா

கூட்டுறவுக் கடையில் பீட் ஃபிலாண்டர் கேட்டான்:
நரிக்கா, மானுக்கா?
காரூவில் பைனாகுலர் வாங்க
வேறு காரணம் கிடையாது.
ரெண்டுக்கும் இல்லை என்றேன்.
ஆட்டு மருந்துக்கும் முள்கம்பிச் சுருளுக்கும் நடுவே நின்று
பள்ளி விடுதிச் சமையல்காரி
யார் புருஷனை வேவு பார்க்கப் போகிறாள் என்பதுபோல்
பார்த்தான்.
மேலே பார்க்க, என்றேன்.
பறவையா?
அதற்கும் மேலே.

மூன்றை எடுத்து மேசையில் வைத்தான்.
பத்துக்கு ஐம்பது. பதினைந்துக்கு எழுபது.
இருபதுக்கு எண்பதை மட்டும்
பிறந்த ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் இரு கையாலும்.
முதல் எண், எவ்வளவு கிட்டே இழுக்கும்.
அடுத்தது, எவ்வளவு அகலமாய் வாய் திறக்கும்.
அடுத்ததை முதலால் வகுத்தால்
கண்ணுக்குள் வந்து விழும் வெளிச்சத்தின் அகலம்.
ஐம்பத்திரண்டு வயதுக் கண்மணி
இருட்டிலும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் திறக்க அடம்பிடிக்கும்.
நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சூப் அளக்கிறவளுக்கு
இதெல்லாம் ஒரு கணக்கா?

வாசலில் நின்று
கோயில் கோபுரத்துத் தகரச் சேவலைப் பார்த்தேன்.
பெரியதில் இரண்டு சேவல்.
கண்ணைக் கசக்கினேன். அப்போதும் இரண்டு,
ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே,
பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிபோல.
இது எங்கோ விழுந்து எழுந்தது, என்றேன்.
பீட் கூரையைப் பார்த்தான்.

எழுபதில் ஒரே சேவல்.
ஆனால் குதித்தது.
மூச்சை அடக்கினேன்; அப்போதும்
நாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி.
எனக்கு ரத்தக் கொதிப்பு என்று நர்ஸ் சோஃபி சொன்னதை
அன்றுதான் நம்பினேன்.

சாலை அளக்க வந்தவர்கள் விட்டுப்போன மரமுக்காலி
மச்சான் யான்னியின் கொட்டகையில் இருந்தது,
என் தாடையைவிட உயரம்.
தலையில் ஓர் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங்,
கூலி ஒரு கோழிப் பை.
நடுத்தண்டில், ஆடுகள் நக்கும் உப்புக்கட்டி ஐந்து கிலோ
கட்டித் தொங்கவிட்டேன்,
மலையிறங்கும் காற்றுக்கு.

ஜூலை. வாளித் தண்ணீர் ஒன்பதுக்கே தோல் கட்டியது.
கடைசித் தட்டைக் கழுவிவிட்டு
இரண்டு கோட்டு,
பிள்ளைகள் தொலைத்த காலுறையில் மூன்று ஜோடி.
தேள் நேர் உச்சியில்.
கேட்டை, காஸ் தீர்ந்த அடுப்பின் கடைசிச் சிவப்பு.

அங்கேதான் வந்தது வினை.
மூன்று காலில் நிற்பது எதுவும்
நேர் மேலே பார்க்க ஒத்துக்கொள்வதில்லை.
கண்ணாடிக்கு அடியில் என் தலை போகவேண்டும்.
அங்கே ஏற்கெனவே ஒரு மரக்கால்.
மண்டியிட்டேன். மல்லாந்தேன்.
உப்புக்கட்டி நெற்றியில் இடித்தது.
மாடி ஜன்னலில் மூன்று பையன்கள்
தூங்கவேண்டிய நேரத்தில் சிரித்தார்கள்.

இருபதை வாங்கியிருந்தால்? இதே கழுத்து.
பத்தை வாங்கியிருந்தால்
மாவு மூட்டையில் சாய்ந்து
வெறுங்கையாலேயே பார்த்திருக்கலாம்,
தேளும் என் ரத்தத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும்.
காசு கொடுத்த பிறகு வரும் கேள்விகளுக்கு
யாரும் மிச்சச் சில்லறை தருவதில்லை.

மலைமேல் வானியல்காரர்களின் வெள்ளைக் குவிமாடங்கள்.
அவர்களுக்கு உச்சியும் ஒன்றுதான், ஓரமும் ஒன்றுதான்.
நான் உள்ளே போய் ரூய்போஸ் டீ வைத்தேன்.
ஒன்று. இன்னொன்று.
நாற்காலியில் கொஞ்சம் கண்ணயர்ந்தும் விட்டேன்.

இரண்டு மணிக்குத் தேள் மேற்கே சாய்ந்து
கம்பளிக் கிடங்குக் கூரைக்கு மேலே
என்னிடம் இறங்கி வந்திருந்தது.
கொடுக்குக்குப் பக்கத்தில்
வெறுங்கண்ணுக்கு ஊதிய மூச்சாய்த் தெரிந்த இடத்தில்
தனித்தனியாய் நட்சத்திரம்.
முப்பத்தேழு வரை எண்ணினேன்,
மறந்துபோய் முதலிலிருந்து எண்ணினேன்.
ஒன்றும் குதிக்கவில்லை.
என் ரத்தம் என்னோடு இருந்தது.

ஐந்தரைக்குக் கஞ்சி அடிப்பிடித்தது.
பத்து மணிக்கு, உப்பு வாங்கப் போனபோது
பீட் கேட்டான்: என்ன மாட்டியது?
தேள், என்றேன்.
அடப்பாவமே,
மருந்து இடது அலமாரியில், என்றான்.