ஐந்தாவது துளை

மார்ச் ஒன்பது. கூல்னா ஏரியின் மேல்
அறுபத்திரண்டு சென்டிமீட்டர் பனிக்கட்டி.
அதற்கு மேல் முழங்கால் புதையும் வெண்பனி.
ஊர்மாஸ் துளைக்கருவியை ஊன்றிச் சுழற்றுகிறான்.
கடைசித் திருப்பில் கட்டி விட்டுக்கொடுக்க
தண்ணீர் ஏறி வருகிறது. அதற்கு முன்பே வாடை:
அழுகிய முட்டை, லேசாக.
அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவனை.

குளிர்ந்த நீர் நிறையக் காற்றைப் பிடித்துவைக்கும்.
ஜூலையில் வெதுவெதுத்த ஏரி
கைநெகிழ்ந்து விட்டுவிடுவதையெல்லாம்
இந்த நீர் இறுக்கிக்கொள்ளும்,
லிட்டருக்குப் பதினான்கு மில்லிகிராம் வரை.
பை பெரிதுதான்.
போடுவதற்கு யார் இருக்கிறார்கள்?
நவம்பரில் சாத்திய கதவு.
மேலே காற்று ஊளையிட்டுத் திரிகிறது,
ஓர் அலையைக்கூடத் தொட முடியாமல்.
கீழே செலவு மட்டும் நிற்கவில்லை.
இலையுதிர்காலம் கொட்டிப்போன பிர்ச் சருகு,
கோடையில் கொழுத்துச் செத்த பாசி,
கேஸ்குலா பன்றிப் பண்ணை மழையோடு அனுப்பிவைத்தது,
எல்லாவற்றையும் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள்
கவளத்துக்குக் கவளம் கொஞ்சம் மூச்சை எடுத்துக்கொள்கின்றன.
அவற்றைத் திட்டிப் பயனில்லை. தம் வேலையைச் செய்கின்றன.

புட்டியைக் குமிழி புகாமல் நிரப்ப வேண்டும்.
ஒரே ஒரு குமிழி போதும்,
ஏரி பொய் சொல்லிவிடும்.
மரத்த விரல்களால் மாங்கனீசு, பிறகு காரம்.
மூடியை அழுத்திக் கவிழ்க்கிறேன்.
பழுப்பாகப் படிந்தால் உள்ளே உயிர்வளி உண்டு.
வெள்ளையாகப் படிந்தால் இல்லை.
மேற்கு முனையில் வெள்ளை.
நாணல் ஓரத்தில் வெள்ளை.
நடு ஏரியில், உற்றுப் பார்த்தால், தேநீர்க் கறைபோல் ஏதோ.
உற்றுப் பார்ப்பது என் தொழில்.

நான்காவது துளையில் ஒரு வாய்.
ரோச் மீன். பிறகு மூன்று. பிறகு நான் எண்ணவில்லை.
சாப்பாட்டுத் தட்டு அகல வானத்துக்கு
இத்தனை பேர் முட்டி மோதுகிறார்கள்.
"அகப்பையால் அள்ளலாம்" என்றான் ஊர்மாஸ்.
அவன் அப்பா அள்ளியிருக்கிறார்,
ஒரு பஞ்ச வசந்தத்தில், சாக்குச் சாக்காக.
"கோகர் மட்டும் சாகாது, தெரியுமா?
மூச்சு தீர்ந்தால் உடம்புக்குள்ளேயே
சாராயம் காய்ச்சிக்கொள்ளும்."
தெரியும். அதைப் பற்றிப் பரீட்சையே எழுதியிருக்கிறேன்.
இருந்தும் சிரித்தேன். அந்த வாய்கள் மூடித் திறந்தபடி இருந்தன.

ஐந்தாவது இடம் பட்டியலில் இல்லை.
ஊர்மாஸுக்குத் தோள்வலி,
பனி வழிக்கத் தேவையில்லாத இடம் கேட்டான்.
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பிள்ளைகள்
ஹாக்கி ஆட ஏரியைப் பெருக்கி வைத்திருந்தார்கள்.
பிப்ரவரி முழுக்க, தினமும்,
மண்வாரியாலும் ஒரு பழைய அலமாரிக் கதவாலும்
கோணல்மாணலாக.
அங்கே கட்டி கறுப்பு, கண்ணாடி.
குனிந்தால் அடியில் ஒரு பச்சை தெரிந்தது.

பழுப்பு.
புட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன்.
காபிப் பழுப்பு, கூச்சமே இல்லாத பழுப்பு.

ஆய்வகத்தில் இரவு பத்து மணி.
அமிலம் விட்டதும் மஞ்சள், மாவுநீர் விட்டதும் நீலம்.
சொட்டுச் சொட்டாக அந்த நீலத்தைக் கொல்ல வேண்டும்.
மற்றப் புட்டிகளில் இரண்டு மூன்று சொட்டிலேயே போய்விட்டது.
இது போக மறுத்தது.
ஐந்து புள்ளி எட்டு.
வெயில் இறங்க ஒரு ஜன்னல் கிடைத்திருக்கிறது,
சாகாமல் கிடந்த பாசி வேலைக்குத் திரும்பியிருக்கிறது.
அந்தப் பிள்ளைகள் மீனை நினைக்கவே இல்லை.
கோல் போட நினைத்தார்கள்.

தார்த்துவிலிருந்து பதில் வந்தது:
ஐந்தாம் இடம் திட்டத்தில் இல்லை, நீக்கவும்.
நீக்கினேன்.
இரவு நான்கு விரற்கடை பனி விழுந்தது.
காலையில் பள்ளி விடுமுறை.
ஹாக்கித் திடலில் ஊர்மாஸ்,
தோளுக்குத் தைலம் பூசிய நெடியோடு.
வண்டியில் இருந்த இன்னொரு மண்வாரியை எடுத்தேன்.
ஏரி முந்நூறு ஹெக்டேர்.
வெளிச்சம் நாலரை வரை இருக்கும்.